ரம்புத்தான் சிவப்பு

தனலெட்சுமிக்கு வாய் சும்மா இருக்காது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். குழாயடியில் அவள் குரல் கேட்டதும் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடியவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் நம்புவீர்களா? உட்கார்ந்திருந்தாளே! நசீருதீனின் லோரிப் பட்டறையில், துருத்திக் கயிற்றைக் கையில் பிடித்தபடி, மூச்சுக் காட்டாமல்.

எல்லாம் ஜப்பான்காரன் வந்த கோளாறு. முன்னே அந்தத் துருத்தியை இழுத்துக்கொண்டிருந்தவன் தம்புசாமி. ஒருநாள் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். படம் பாதி ஓடும்போதே கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆம்பிளைகளை அப்படியே லோரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள், ரயில் பாதை போடுவதற்கு. படம் பார்க்கப் போனவனை இப்படியா பிடித்துப்போவது, பாவிகள்! அதற்கப்புறம் தம்புசாமியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கிள்ளான், பூச்சோங் தோட்டங்களிலிருந்து போனவர்களைப் பற்றியும் அப்படித்தான். அந்த 1943ஆம் வருஷத்தில் லோரிச் சத்தம் கேட்டாலே ஆம்பிளைகள் வேலி ஏறிக் குதித்து ஓடுவார்கள்.

நசீருதீன் பட்டறை ஆட்கள் மட்டும் ஓடுவதில்லை. பட்டாள லோரிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கிற இடம் என்பதால், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஜப்பான் முத்திரை குத்திய கைப்பட்டை உண்டு. அதைக் கட்டியிருந்தால் தொட மாட்டார்கள். நசீருதீன் சண்டைக்கு முன்னே துணிக்கடை வைத்திருந்தவர். விற்கத் துணி இல்லாமல் போனதும் பழைய லோரிகளில் இறங்கிவிட்டார். இரும்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதை ஒளிக்கவும் மாட்டார்.

"மேஸ்திரி, துருத்திக்கு ஆள் கெடைக்கலையே. நம்ம தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் பக்கிரிசாமியிடம். பக்கிரிசாமி தனலெட்சுமியின் புருஷன், பட்டறையின் உலை மேஸ்திரி.

கூட்டிவந்த முதல் நாளே பக்கிரிசாமி ஒன்றே ஒன்று சொன்னார்: "தனம், நான் நெருப்பைப் பாத்துக்கிட்டிருக்கறப்ப பேசக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

இது அவர் மட்டும் போட்ட சட்டமில்லை, உலைக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பது. பக்கத்தில் இடியே விழுந்தாலும் நெருப்பைப் பார்க்கிறவனைக் கூப்பிட மாட்டார்கள். தனலெட்சுமி தலையை ஆட்டினாள். அப்படி என்னதான் பார்க்கிறார் இந்த மனுஷன் என்று அவளும் பார்க்க ஆரம்பித்தாள். வேறென்ன செய்வது, வாய்க்குத்தான் வேலை இல்லையே.

அவர்கள் செய்தது லோரியின் கிங் பின். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்காக அச்சின் முனையில் நட்டக்குத்தலாக நிற்கிற இரும்பு முளை. வெளித்தோல் கெட்டியாக இல்லாவிட்டால் தேய்ந்துபோகும். உள்ளேயும் கெட்டியாகிவிட்டால் ஒரு குழியில் இறங்கினாலே ஒடிந்துவிடும். லேத்தில் அதைக் கடைந்து கொடுக்கிற அய்யாவு, கேலி பேசாமல் அரை நாழி இருக்க மாட்டான். "நம்ம அண்ணன் மாதிரிதான்கா இந்தப் பின்னு. வெளியில விறைப்பு, உள்ள மெத்து" என்பான். தனலெட்சுமி முந்தானைக்குள் சிரிப்பாள்.

அய்யாவு கடைந்து கொடுக்கும்போது அது வெறும் மெத்து இரும்பு. பக்கிரிசாமி அதை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடுக்குவார். சுற்றிலும் சிரட்டைக் கரித்தூள், சுட்ட ஆட்டெலும்பு, கிள்ளான் கரையிலிருந்து வரும் கெராங் சிப்பியைச் சுட்டு இடித்த தூள் எல்லாம் கலந்து திணிப்பார். மூடியைக் களிமண்ணால் பூசிவிட்டு நாள் முழுக்க உலையில் கிடத்துவார். உள்ளே கரி கொஞ்சம் கொஞ்சமாக இரும்பின் தோலில் ஊறும். நகக் கனம் ஊறினால் போதும். பெட்டியை ஆறவிட்டுத் திறந்து, ஒவ்வொரு பின்னையும் மறுபடி சூடேற்றி உப்புத் தண்ணீரில் முக்குவார். அப்போதுதான் தோல் கெட்டியாகும். கடைசியில் காய்ந்த எண்ணெயில் கொஞ்ச நேரம் போட்டு அதன் முறைப்பைத் தணிப்பார்.

இத்தனையிலும் உயிர்நாடி ஒன்றுதான்: முக்குவதற்கு எந்தச் சிவப்பில் எடுப்பது? சூடு பார்க்கும் கருவியா இருந்தது? கண்தான் கருவி. கறுஞ்சிவப்பில் எடுத்தால் தோல் கெட்டிப்படாது, அரம் போட்டால் பிடிக்கும். பழுத்த பப்பாளி நிறம் வரைக்கும் விட்டாலோ, இரும்பின் உள்மணி பருத்துவிடும். அப்போது கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் அடியில் படக்கென்று ஒடியும். இரண்டுக்கும் நடுவில், மரத்திலேயே முற்றப் பழுத்த ரம்புத்தான் தோலின் சிவப்பு ஒன்று உண்டு. அது வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். வெயில் வெளிச்சத்தில் அது மங்கலாகத் தெரிந்து ஆளை ஏமாற்றும். அதனால்தான் உலைப் பக்கம் எந்நேரமும் இருட்டாக இருக்க வேண்டும் என்று வாசலில் சாக்குப் படுதா தொங்கவிட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் யாரும் தனலெட்சுமிக்குச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்து அவளுக்கே பிடிபட்டது. எந்த நிறம் வந்ததும் புருஷன் இடுக்கியை நீட்டுவார் என்று அவள் கைக்கே தெரிந்துபோனது.

அப்படியிருக்க, மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னே அந்த நிறம் மாறியது. ரம்புத்தான் வந்தது, போனது, பக்கிரிசாமி அசையவில்லை. பப்பாளி நிறம் எட்டிப் பார்த்த பிறகே இடுக்கியை நீட்டினார். அடுத்த பின்னுக்கும் அதே கதை. மறுநாளும் அப்படியே. தனலெட்சுமிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நெருப்பைப் பார்க்கிறவரிடம் எப்படிப் பேசுவது? அதுவும் பத்துப் பேர் மதிக்கிற மேஸ்திரியிடம், துருத்தி இழுக்கிற பொம்பளை போய், "ஏங்க, நிறம் தாண்டிப் போச்சு" என்பதா? இப்போது வேறு கணக்கில் செய்கிறார் போலிருக்கிறது, அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டாள். பேச வேண்டிய இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டாளே, அதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

ஒருநாள் மத்தியானம் பட்டாள அதிகாரி ஒருவன் பட்டறைக்குள் வந்தான். மேஜை மேல் இரண்டு துண்டு இரும்பை டங்கென்று போட்டான். கிள்ளான் சாலையில் அரிசி ஏற்றிப் போன லோரி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் கிங் பின் ஒடிந்து, வண்டி கால்வாயில் கவிழ்ந்துவிட்டதாம். ஓட்டிய சிப்பாய்க்குக் கால் போயிற்று. அரைகுறைச் சந்தை மலாயில் அவன் கத்தியதின் சாரம் இதுதான்: புதுசாகப் பின் செய்யுங்கள், நானே வந்து சுத்தியலால் அடித்துப் பார்ப்பேன், ஒன்று ஒடிந்தாலும் பட்டறை முழுக்கச் சயாமுக்குப் போகும்.

அவன் போனதும் பக்கிரிசாமி ஒடிந்த துண்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒடிந்த முகம் பட்டுப்போல் நைசாக இருக்க வேண்டியது, சீனிக்கல் மாதிரி பொரிபொரியாக மின்னியது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"என்னாண்ணே?" என்றான் அய்யாவு.

"சூடு ஏறிப்போச்சு" என்றார் பக்கிரிசாமி.

அன்று வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தண்டவாளத்து ஓரமாக நடந்துவந்த பக்கிரிசாமி, யாரும் கண் மூடிக்கொண்டே தாண்டுகிற சின்னக் கால்வாயில் காலை விட்டார். வீட்டில் தனலெட்சுமி மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து வைத்தாள். அன்றைக்கு மட்டுமா, மாதக்கணக்காக அதே கிழங்குதான். தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டினார். கை குவளைக்குப் பக்கத்தில் வெறும் தரையைத் தடவியது.

தனலெட்சுமிக்குப் புரிந்துபோயிற்று. மாலைக்கண். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு அது வந்திருந்தது. கிழங்கையே தின்று கிடக்கிற உடம்பு, வேறென்ன வரும்? பகல் வெளிச்சத்தில் எல்லாம் தெரியும், இருட்டு கொஞ்சம் கவிந்தாலும் கண் அவிந்துவிடும். இருட்டுப் பட்டறையில் ரம்புத்தான் சிவப்பு அவருக்கு எங்கே தெரியப்போகிறது? பப்பாளியாகப் பளீரென்று எரிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது!

"கண்ணு தெரியலையா?" என்றாள் மெதுவாக.

"யாருக்குத் தெரியலை? வெளக்குல எண்ணெ இல்ல" என்று எரிந்து விழுந்தார் பக்கிரிசாமி. விளக்கில் எண்ணெய் இருந்தது.

முருங்கைக்கீரை கொடு, ஈரல் கொடு, சரியாகிவிடும் என்றார்கள். ஈரலுக்கு எங்கே போவாள்? கீரையைப் பறித்துவந்து கிழங்கோடு கலந்து கொடுத்தாள். கீரை வேலை செய்யும்வரை அதிகாரி காத்திருப்பானா? இன்னொருத்தரை நெருப்புப் பார்க்கச் சொல்லலாம் என்றால், கண் போன மேஸ்திரிக்குக் கைப்பட்டை எதற்கு என்று கழற்றிவிடுவார்கள். கழற்றிய மறுநாளே சயாம் லோரி வரும். அதையெல்லாம் விட, தன் கண்ணைப் பற்றி அந்த மனுஷனே வாய் திறக்கவில்லை. அவராகச் சொல்லாததை இவள் எப்படிச் சொல்வது?

புதுப் பின்களை முக்கும் நாள் வந்தது. பக்கிரிசாமி உலை முன் நின்றார். நெற்றியில் வேர்வை வழிய, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். கறுஞ்சிவப்பு விலகி, ரம்புத்தான் மெல்ல ஏறி வந்தது. தனலெட்சுமி துருத்தியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துனே?"

"கை வலிக்குதுங்க."

அவ்வளவுதான். பக்கிரிசாமி ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு இடுக்கியை நீட்டிப் பின்னைத் தூக்கித் தண்ணீரில் முக்கினார். சுள்ளென்று சத்தம் எழுந்தது. அடுத்த பின்னுக்கும் அவள் கை அதே இடத்தில் வலித்தது. அதற்கடுத்ததற்கும் வலித்தது. அப்புறம் அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. துருத்தியின் மூச்சு நின்றால் இடுக்கி நீளும். முக்கிய பின்னில் அரம் போட்டுப் பார்த்தான் அய்யாவு, அரம் வழுக்கியது. ஒன்றை ஒடித்துப் பார்த்தார்கள். ஒடிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, உள்ளே பட்டு மாதிரி இருந்தது. தனலெட்சுமிக்கு மனசு குளிர்ந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வீடு போய்ச் சேரும்வரை அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை.

சொன்னபடியே அதிகாரி வந்தான், லோரியோடும் சிப்பாய்களோடும். இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே பின்னை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். வளைந்தது, ஒடியவில்லை. இன்னொன்றை எடுத்து அடித்தான், அதுவும் அப்படியே. நசீருதீன் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தது தனலெட்சுமிக்குக் கேட்டது. அதிகாரி தன் லோரிக்கே ஒரு ஜோடி போடச் சொன்னான். பக்கிரிசாமியும் அய்யாவும் வெயிலில் உட்கார்ந்து பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார்கள். அதிகாரி அதை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "பாகூஸ், பாகூஸ்" என்று மேஸ்திரியின் முதுகில் தட்டினான்.

தட்டிவிட்டுச் சொன்னான்: "நல்ல கை. சயாமில் இரும்பு வேலைக்கு ஆள் இல்லை. நீ வா. லோரியில் ஏறு."

ஐயோ, பின் ஒடிந்தாலும் சயாம், ஒடியாவிட்டாலும் சயாமா? இது எந்த ஊர் நியாயம்! பக்கிரிசாமி ஓரடி பின்வாங்கினார். ஒரு சிப்பாய் அவர் கையைப் பிடித்தான்.

தனலெட்சுமி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை பேசியிருக்க மாட்டாள்.

"துவான்! அவருக்குக் கண்ணு தெரியாது! தக் நம்பாக், துவான்! இருட்டுல ஒண்ணும் தெரியாது! நெருப்பைப் பாத்தது நான்!" தமிழும் மலாயும் கலந்து கத்திக்கொண்டே லோரிக்கும் புருஷனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

பக்கிரிசாமி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவளால் தாங்க முடியவில்லை. அதிகாரி நம்பவில்லை. ஒரு பின்னை எடுத்துப் படுதாவுக்கு உள்ளே இருட்டில் எறிந்தான். "எடுத்து வா" என்றான்.

வெயிலிலிருந்து உள்ளே போன பக்கிரிசாமி நின்றார். காலால் தடவினார். பிறகு மண்டி போட்டார். படுதா ஓரத்தைக் கொஞ்சமாக விலக்கியபடி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பல வருஷம் அந்த உலையை ஆண்ட மனுஷன் தன் பட்டறைத் தரையையே இரண்டு கையாலும் தடவினார். கிங் பின் அவர் முட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. தனலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"துவான், அவரு கையி, இந்தம்மா கண்ணு. ஒருத்தரை எடுத்தா ரெண்டும் வீண். அப்புறம் உங்க லோரிக்குப் பின்னு யாரு செய்வா?" என்று கும்பிட்டார் நசீருதீன்.

அதிகாரி யோசித்தான். பக்கிரிசாமியின் கையை விடச் சொல்லிச் சிப்பாய்க்குச் சைகை காட்டினான். தனலெட்சுமிக்கு உயிர் வந்தது. வந்த உயிரை முழுசாக இழுத்து மூச்சு விடுவதற்குள் அவன் விரல் லேத் பக்கம் திரும்பியது.

"அப்படியானால் அவன்."

அய்யாவு கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். தன்னைத்தான் என்று அவனுக்குப் புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது. நசீருதீன் ஓடிப்போய் அதிகாரியின் காலடியில் விழுந்தார். "இவன் போனா பட்டறையே இல்ல, துவான்" என்றார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது, அவர் தொப்பி மண்ணில் உருண்டது. அய்யாவு கையிலிருந்த பட்டையைச் சிப்பாய் கழற்றினான்.

"தம்பி..." என்றாள் தனலெட்சுமி. என்ன சொல்வாள்? உன்னை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்றா? தெரிந்து செய்யவில்லை என்றா? மனுஷி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அய்யாவு வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அழுவாதீங்கக்கா. எம் பொண்டாட்டியா இருந்தாலும் இப்படித்தான் கத்தியிருப்பா. சீதா கிட்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யாரும் போயிச் சொல்ல வேணாம்" என்றான். அவனுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை.

லோரி கிளம்பியது. தனலெட்சுமி பின்னாலேயே சாலை வரைக்கும் ஓடினாள். திருப்பத்தில் ஒரு பெரிய குழி இருந்தது. முன்சக்கரம் அதில் தடாலென்று இறங்கியது. ஒடி, ஒடிஞ்சு தொலை என்று மனசுக்குள் கதறினாள். பழைய பின்னாக இருந்தால் ஒடிந்திருக்கும். இது அவள் பார்த்துக் கொடுத்த நிறத்தில் முக்கியது. சக்கரம் குழியிலிருந்து ஏறி, அழகாகத் திரும்பி, வண்டியைக் கொண்டுபோய்விட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அய்யாவு வீட்டுக்கு நடந்தாள். சீதாலெட்சுமி வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, இன்னிக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்களா?" என்று நிமிர்ந்தவள், அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவரு எங்கக்கா?"